சிறிய கிராமத்துக் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பத்தின் வம்சாவளியைத் திரட்டுவது எப்படி?

நாற்பது ஐம்பது கற்கள், அவற்றில் பாதியில் ஒரே குடும்பத்தின் பெயர்கள். இப்படிப்பட்ட தோட்டத்துக்குள் புதிதாக நுழைபவர் முதலில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குவார். வீடு திரும்பியதும் பெயர்களும் தேதிகளும் நிறைய இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் இருக்காது. சிறிய தோட்டங்களில் அந்த விடை பெரும்பாலும் தரையில்தான் கிடக்கிறது: யாருக்குப் பக்கத்தில் யார், எந்த இரண்டு கற்களுக்கு நடுவே காலியிடம், எந்தக் குட்டிக் கல் எந்தப் பெரிய கல்லின் காலடியில். ஆகவே வரைபடத்தை முதலில் முடியுங்கள், படம் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

போவதற்கு முன்

தோட்டம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டு அனுமதி வாங்குங்கள். தேவாலயம், பள்ளிவாசல், உள்ளாட்சி, தனி நில உரிமையாளர் என யாராகவும் இருக்கலாம். தனியார் நிலத்தின் நடுவே உள்ள கல்லறைகளுக்கு வழி கேட்பதும் அதில் அடக்கம். அனுமதி கேட்கும்போதே இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: அடக்கப் பதிவேடு இருக்கிறதா? இதற்கு முன் யாராவது கல் வாசகங்களைப் படியெடுத்து வைத்திருக்கிறார்களா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கையால் எழுதிய ஒரு பட்டியல், இன்று நீங்கள் எடுக்கும் மிகத் தெளிவான படத்தைவிட மேலானது. அன்று தெரிந்த எழுத்து இன்று உதிர்ந்திருக்கலாம்.

கையில் வேண்டியவை: 20 அல்லது 30 மீட்டர் அளவு நாடா, கட்டம் போட்ட தாள், பென்சில் (பேனா மை நனைந்தால் கரையும்), திசைகாட்டி, மென்மையான இழைத் தூரிகை, 2 லிட்டர் சுத்தமான தண்ணீர், தெளிப்பான், கையடக்க டார்ச், கதவில் மாட்டும் நீளமான முகம் பார்க்கும் கண்ணாடியில் பாதியளவு உள்ள ஒரு கண்ணாடி. கண்ணாடியை மரப்பலகையில் ஒட்டிக்கொண்டால் உடையும் பயமில்லை. கணுக்கால் மூடும் காலணி கட்டாயம். பழைய கற்களின் அடியில் பாம்பும் குளவியும் இருக்கும். தனியாகப் போக வேண்டாம். கண்ணாடி பிடிக்கவும் நாடா பிடிக்கவும் இன்னொருவர் தேவை.

வரைபடம்

வாசல் தூண், சுவர் மூலை போன்ற நகராத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். முதலில் அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறியுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு தூரங்களும், புள்ளிகள் இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு எந்தப் பக்கம் கல் இருக்கிறது என்பதும் தெரிந்தால் கல்லின் இடம் தாளில் தானாக விழும். கைப்பேசியின் ஜிபிஎஸ் இதற்குப் போதாது. அதன் பிழை திறந்த வெளியிலேயே சில மீட்டர், மரத்தடியில் இன்னும் கூடும். கல்லறைகளோ ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஜிபிஎஸ் புள்ளி தோட்டத்தைக் கண்டுபிடிக்க மட்டும் உதவும்.

வரிசைக்கும் கல்லுக்கும் எண் கொடுங்கள்: வாசலிலிருந்து மூன்றாம் வரிசை, இடமிருந்து ஏழாம் கல் என்றால் 3-7. கல் இல்லாத இடத்துக்கும் எண் உண்டு. இரண்டு கல்லறைகளுக்கு நடுவே ஓர் ஆள் நீளத்துக்குத் தரை தாழ்ந்திருந்தால் அங்கே ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியும் உடலும் மக்கியபின் மேல்மண் இறங்குவதால் வரும் பள்ளம் அது. எழுத்தே இல்லாத முரட்டுக் கல் ஒன்று வரிசையோடு பொருந்தி நின்றால் அதையும் குறியுங்கள். கம்பியால் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

தலைக்கல்லுக்கு நேர் எதிரே, ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளி, முதலெழுத்துகள் மட்டும் பொறித்த சிறிய கல் இருக்கலாம். அது கால்கல். அதைக் குழந்தையின் கல்லறை என்று எழுதி, இல்லாத ஒரு பிள்ளையைக் குடும்பத்தில் சேர்த்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. முதலெழுத்து தலைக்கல்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

கல்லைத் தொடுதல்

முதலில் தொடாமல் சுற்றி வாருங்கள். 1 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு சாதாரணப் பளிங்குக் கல்லே ஏறக்குறைய 160 கிலோ இருக்கும். சாய்ந்திருந்தால் அதன் முன் மண்டியிடாதீர்கள்; நிமிர்த்தவும் முயலாதீர்கள்.

உறுதியாக நிற்கும் கல் என்றால், தண்ணீர் தெளித்து மென்தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்ப்பது போதும். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த பகுதியில் வழிந்து கறைக் கோடுகள் விழும். விரலால் தொட்டால் சர்க்கரை போல் துகள் உதிரும் பளிங்கு, தட்டினால் பொள்ளலாக ஒலிக்கும் மணற்கல், ஏடு ஏடாகப் பிரியும் பலகைக்கல் ஆகியவற்றில் தண்ணீர்கூட வேண்டாம். படம் மட்டும்.

இணையத்தில் சொல்லப்படும் குறுக்கு வழிகளில் பலவும் கல்லுக்குக் கேடு. வினிகரும் எலுமிச்சையும் அமிலம்; பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட் என்பதால் நேரடியாகக் கரையும். பிளீச்சிங் திரவம் கல்லின் நுண்துளைகளில் உப்பை விட்டுச்செல்கிறது. அது படிகமாகும்போது மேற்பரப்பு பெயர்ந்து வரும். சவர நுரையும் மாவும் எழுத்தை அழகாகக் காட்டும், ஆனால் துளைக்குள் எஞ்சி நின்று பாசிக்கு உணவாகும். கம்பித் தூரிகை, உயரழுத்த நீர் இரண்டும் எழுத்தின் விளிம்பையே எடுத்துவிடும். தாளை வைத்துக் கரியால் தேய்த்து அச்செடுப்பதும் பலவீனமான கல்லை உடைக்கும். வெளிச்சம் இந்த எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்கிறது, செலவும் இல்லை.

வெளிச்சமும் படமும்

தேய்ந்த எழுத்து என்பது ஆழம் குறைந்த பள்ளம். ஒளி நேராக விழுந்தால் பள்ளத்தில் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை. ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்கு நோக்கிய கல்லைக் காலை 7 மணிக்குப் படமெடுத்தால் வெறும் பலகைதான் தெரியும். நண்பகலை நெருங்கும்போது சூரியன் மேலிருந்து உரசும் அரைமணி நேரத்தில் அதே கல் பேசத் தொடங்கும். மேற்கு நோக்கிய கல்லுக்கு நண்பகல் கழிந்த உடனே. வெயிலே படாத முகம் என்றால், துணைக்கு வந்தவர் பக்கவாட்டில் சில மீட்டர் தள்ளி வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைத் திருப்பட்டும். மேகமூட்டமாக இருந்தால் கருந்துணியால் கல்லை மறைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள்.

ஒரு கல்லுக்குக் குறைந்தது ஆறு படங்கள்: எண் எழுதிய தாளோடு ஒன்று, முழுக்கல், இடப்பக்க ஒளியில் எழுத்து, வலப்பக்க ஒளியில் எழுத்து, பின்புறம், அண்டைக் கற்களோடு சேர்த்து ஒன்று. எழுத்தின் நெடுங்கோடுகள் பக்க ஒளியில் தெரியும், கிடைக்கோடுகள் மேலொளியில்தான் தெரியும். ஆகவே 1-ஆ 7-ஆ என்ற சந்தேகம் வந்தால் மேலொளியில் ஏழாவது படம். அடிப்பீடத்தையும் விடாதீர்கள். கல் செதுக்கியவரின் பெயரும் ஊரும் புல்லுக்குள் மறைந்திருக்கும்.

படியெடுத்தல்

கல்லின் முன் நின்றுகொண்டே எழுதுங்கள்; படத்தைப் பார்த்து வீட்டில் எழுதுவது சரிபார்க்க மட்டும். கல்லில் உள்ள வரி எங்கே முடிகிறதோ அங்கே சாய்கோடு போடுங்கள். எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள், உங்களுக்குப் பிழையாகத் தெரிவது அந்தக் காலத்து எழுத்து முறையாக இருக்கலாம். சந்தேகமான எழுத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு, வேறு எப்படிப் படிக்கலாம் என்றும் குறியுங்கள்: 18[7/1]4. உங்கள் ஊகம் தனி நெடுவரிசையில் இருக்கட்டும், வாசகத்தோடு கலக்க வேண்டாம்.

தமிழ் வாசகம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கற்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போன்ற வளைவோடும் இருக்கும். இன்னும் பழையவற்றில் புள்ளியே இருக்காது. குறில் நெடில் வேறுபாடும் எ, ஒ வரிசையில் இருக்காது. தமிழ் எண்கள்தான் பெரிய பொறி. 1874 என்பது ௧௮௭௪ என்றிருந்தால், புதியவர் கண்ணுக்கு அது 'கஅஎச' என்ற புரியாத சொல். அதே ஆண்டை ௲௮௱௭௰௪ என்றும் பொறித்திருக்கலாம்: ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, நான்கு. எண்ணுக்குப் பின்னால் ௵ வந்தால் வருடம், ௴ மாதம், ௳ நாள்.

தேதிகள்

வம்சாவளி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

பிறந்த தேதி இல்லாமல், இறந்த தேதியும் வயதும் மட்டும் உள்ள கற்கள் ஏராளம். கணக்கு எளிது, ஆனால் மாதம் கடன் வாங்கும் இடத்தில் வழுக்கும். 1874 மார்ச் 1 அன்று 52 வருடம் 7 மாதம் 20 நாள் வயதில் இறந்தவர் எப்போது பிறந்தார்? நாளில் 1-லிருந்து 20 போகாது. முந்தைய மாதமான பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்கினால் 29, அதில் 20 போக 9. மாதத்தில் மீதி 2. 7 போகாது, ஒரு வருடம் கடன் வாங்கினால் 14, அதில் 7 போக 7. ஆண்டில் 1873-லிருந்து 52 போக 1821. விடை 1821 ஜூலை 9. மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக் கணக்கிட்டால் ஜூலை 11 வரும். கல்லுக்கு வாசகம் தந்தவர் எந்த முறையில் வயதைக் கணக்கிட்டார் என்பதை இன்று அறிய முடியாது. ஆகவே குடும்ப மரத்தில் '1821 ஜூலை 9, ஓரிரு நாள் முன்பின், வயதிலிருந்து கணக்கிட்டது' என்றே எழுதுங்கள். கணக்கிட்ட தேதியைக் கல்லில் கண்ட தேதி போல் எழுதிவிட்டால், பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டில் ஜூலை 11 என்று பார்க்கும்போது வேறு ஆள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

'53ஆம் வயதில்' என்பதும் '53 வயது' என்பதும் ஒன்றல்ல. முன்னது நடப்பு வயது. நிறைந்தது 52 மட்டுமே. முழுப்பத்துகளான 60, 70, 80 வந்தால் அது தோராயம் என்று சந்தேகியுங்கள்.

கிழமை பொறித்திருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது. கடைசி இலக்கம் 4-ஆ 1-ஆ என்று தெரியாத கல்லில் 'மார்ச் 1 ஞாயிறு' என்று இருந்தால் குழப்பம் தீர்ந்தது: 1874 மார்ச் 1 ஞாயிறு, 1871 மார்ச் 1 புதன்.

எந்த நாட்காட்டி என்று கேட்காமல் எந்தத் தேதியையும் ஏற்காதீர்கள். கிரிகோரியன் நாட்காட்டி 1582-ல் வந்தாலும் எல்லா நாடுகளும் ஒரே நாளில் மாறவில்லை. பிரிட்டன் மாறியது 1752-ல், 11 நாட்களைத் தாண்டி. ரஷ்யா மாறியது 1918-ல். 1752-க்கு முந்தைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்று என்பதால், அங்கே '1720 பிப்ரவரி' என்று பொறித்திருப்பது நமக்கு 1721. இதனால் தம்பி அண்ணனுக்கு முன்பே பிறந்ததாகவும், தாய் பிரசவத்துக்கு முன்பே இறந்ததாகவும் கணக்கு வரும்.

ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். கல்லில் உள்ள ஹிஜ்ரி ஆண்டு எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறத்தாழச் சரியான ஆண்டு வரும்: ஹிஜ்ரி 1300 என்பது 1882-83. ஹிஜ்ரி வயதும் சூரிய ஆண்டு வயதைவிடக் கூடுதல். 33 என்று பொறித்தவருக்கு நம் கணக்கில் 32. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்குவதால், ஆண்டின் முதல் மாதங்களுக்கு 824, ஜனவரிக்குப் பின் 825 கூட்ட வேண்டும். பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர்கள் தனியே வந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும்: விகாரி என்றால் 1839-40, 1899-1900, 1959-60 மூன்றும் பொருந்தும். கல்லின் வகை, எழுத்து வடிவம், அண்டைக் கல்லறைகளின் காலம் இவற்றைக் கொண்டுதான் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கல் யார் சொன்னதைச் சொல்கிறது?

இறந்தவர் தம் கல்லை எழுதவில்லை. பிள்ளைகளோ பேரனோ, சில சமயம் முப்பது ஆண்டு கழித்து, நினைவில் இருந்ததை எழுதினார்கள். 1790-ல் இறந்தவருக்குக் கண்ணாடி போல் மெருகேற்றிய கருங்கல்லும் இயந்திரத்தில் வெட்டிய எழுத்தும் இருந்தால், அது பின்னாளில் வைத்த கல். அதில் உள்ள தேதிக்கு, அன்றைய பதிவேட்டைவிடக் குறைந்த மதிப்பே கொடுங்கள்.

பெயர் இருப்பதால் உடல் அங்கே இருப்பதாகவும் ஆகாது. கடலிலோ போரிலோ இறந்தவர் பெயரைப் பெற்றோர் கல்லில் சேர்ப்பது உண்டு. மனைவியின் பெயரும் பிறந்த ஆண்டும் பொறித்து, இறந்த ஆண்டு வெறுமையாக இருந்தால், அவர் மறுமணம் செய்திருக்கலாம், அல்லது வேறு ஊரில் பிள்ளையோடு வாழ்ந்து அங்கேயே அடக்கமாகியிருக்கலாம். அவரைத் தேட வேண்டிய இடம் இந்தத் தோட்டம் அல்ல.

உறவுச்சொற்களை இன்றைய பொருளில் படிக்காதீர்கள். தமிழில் 'மருமகன்' மகளின் கணவனாகவும் இருக்கலாம், உடன்பிறந்தாளின் மகனாகவும் இருக்கலாம். பழைய ஆங்கிலக் கற்களில் மருமகன் என்ற பொருள் தரும் சொல் மனைவியின் முந்தைய திருமணத்து மகனையும் குறித்தது; 'சீனியர்', 'ஜூனியர்' என்பவை தந்தையையும் மகனையும் மட்டுமல்ல, ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்லவும் பயன்பட்டன. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பதும் பல சமூகங்களில் வழக்கம். ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரு பிள்ளைகள் வந்தால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். முதலெழுத்து முறை உள்ள இடங்களில் தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்து மாறும். அங்கே ஒரே முதலெழுத்து உள்ளவர்கள் உடன்பிறந்தவர்களா என்று பாருங்கள். நேர்வழி முன்னோராக அடுக்கிவிடக் கூடாது.

தரையிலிருந்து உறவுக்கு

இப்போது வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் இறந்த ஆண்டை எழுதுங்கள். ஒரு மூலையில் பழைய ஆண்டுகளும் அங்கிருந்து விரிந்துகொண்டே புதியவையும் வந்தால், தொடக்கக் குடும்பம் அந்த மூலையில் இருக்கிறது. ஒரே இரும்பு வேலிக்குள் இருப்பவர்கள், ஒரே வகைக் கல்லும் ஒரே செதுக்குநரும் உள்ளவர்கள், பக்கத்துப் பக்கத்துக் கல்லறையில் வேறு குடும்பப் பெயரோடு இருக்கும் பெண்கள் ஆகியோரைத் தனி நிறத்தில் வட்டமிடுங்கள். இந்தப் பெண்களில் மணமாகிப் போன மகள்களும் மனைவியின் தாயும் இருப்பார்கள். வம்சாவளி அடுத்த ஊருக்குத் தாவுவது இவர்கள் வழியாகத்தான். சில வாரங்களுக்குள் மூன்று நான்கு குழந்தைக் கல்லறைகள் வந்தால் தொற்றுநோய் என்று கொள்ளலாம். அந்த மாதங்களின் அடக்கப் பதிவேட்டில் கல் வைக்கப்படாத உடன்பிறப்புகளும் இருப்பார்கள்.

இவை எல்லாம் கருதுகோள்கள் மட்டுமே. பக்கத்தில் இருப்பதால் உறவு என்று மரத்தில் ஏற்றாதீர்கள். கோடிட்ட இணைப்பாக, அதாவது இன்னும் உறுதியாகாத உறவு என்று காட்ட விட்டுவிட்டு வரைந்த கோடாக, வையுங்கள்.

பதிவேடுகள்

ஒவ்வொரு கோடிட்ட இணைப்புக்கும் கல்லில் இல்லாத ஒரு சான்று வேண்டும். தேடும் வரிசை பின்னோக்கியது: இறப்புப் பதிவு, பிறகு திருமணம், பிறகு பிறப்பு அல்லது ஞானஸ்நானம். இறப்புச் சான்றிதழில் இறந்த தேதி கண்ணால் கண்டவர் சொன்னது. அதே தாளில் உள்ள பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் கேள்விப்பட்டது. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தைக் கட்டாயம் படியுங்கள். அண்டை வீட்டார் தந்திருந்தால் தாய் பெயரை நம்ப வேண்டாம். அங்கே மகளின் கையெழுத்து இருந்தால் அவருடைய மணமான பின்னான பெயர் இலவசமாகக் கிடைக்கும்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல, அடக்கத் தேதி இறந்த தேதி அல்ல. பொதுப் பதிவு தொடங்கிய ஆண்டு நாட்டுக்கு நாடு வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை. அதற்கு முன் சமயப் பதிவேடுகளே கதி. அங்கும் இல்லை என்றால் உயில், பாகப்பிரிவினைப் பத்திரம், நில விற்பனை ஆவணம். நிலத்தகராறில் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களில் மூன்று தலைமுறை உறவு ஒரே பக்கத்தில் வந்துவிடும், ஏனென்றால் அங்கே உறவுக்கு விலை இருந்தது.

மரத்தை அடுக்குதல்

முன்னோர் பட்டியலுக்குப் பழைய எண்முறையே போதும். 1590-லேயே ஆஸ்திரிய வரலாற்றாசிரியர் மைக்கேல் ஐட்சிங்கர் அச்சிட்டுக் காட்டியது. நீங்கள் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். தந்தையின் தாய் 5, தாயின் தந்தை 6. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் வேலை மேலிருந்து கீழே வருகிறது. அங்கே மூத்தவரை 1 என்று வைத்து, பிள்ளைகளை 1.1, 1.2 என்றும், பேரப்பிள்ளைகளை 1.2.1 என்றும் எழுதுவது வசதி. பிறந்த வரிசை உறுதியாகும் வரை பென்சிலில்.

ஏற்றியபின் சில கணக்குகளைச் சரிபாருங்கள். பிரசவத்தில் தாய்க்கு வயது 15-க்குக் கீழோ 48-க்கு மேலோ வந்தால் நடுவே ஒரு தலைமுறையோ இரண்டாம் மனைவியோ விடுபட்டிருக்கலாம். இரட்டையர் அல்லாத இரு பிள்ளைகளுக்கு இடைவெளி 9 மாதத்துக்குக் குறைவென்றால் ஏதோ ஒரு தேதி தவறாக இருக்கலாம், அல்லது ஒரே பெயருள்ள இரண்டு தம்பதியரைக் கலந்திருக்கலாம். பிள்ளைகள் நடுவே ஐந்து ஆண்டு வெற்றிடம் இருந்தால் வரைபடத்துக்குத் திரும்பிப் போய், பெற்றோர் கல்லறைக்கு அருகே எண் மட்டும் உள்ள பள்ளங்களைப் பாருங்கள். குழந்தையின் குழி என்றால் அதன் நீளம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும்.

சேமிப்பு

படக்கோப்புக்குப் பெயராக வரைபட எண்ணையும் எடுத்த தேதியையும் வையுங்கள். ஆள் பெயரை வைத்தால், படித்தது தவறு என்று தெரியும் நாளில் எல்லாக் கோப்பும் தவறாகிவிடும். குடும்ப மரத்தை ஜெட்காம் வடிவில் ஏற்றுமதி செய்து வையுங்கள்; 1984 முதல் இருக்கும் இந்த வடிவத்தை வம்சாவளி மென்பொருள்களில் பெரும்பாலானவை படிக்கும். ஃபைண்ட் எ கிரேவ், பில்லியன் கிரேவ்ஸ் போன்ற தளங்களில் படம் ஏற்றுவதானால் உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் நீக்கிவிட்டு ஏற்றுங்கள். கல்லில் முன்கூட்டியே பொறித்த துணையின் பெயரும் இதில் அடங்கும். அந்தத் தளங்களிலிருந்து உறவு இணைப்புகளை எடுக்கும்போது, அங்கே உறவைச் சேர்த்தவரும் உங்களைப் போல் கற்களுக்கு இடையே இருந்த தூரத்தைப் பார்த்து ஊகித்தவராக இருக்கலாம் என்பதால், அவரிடம் சான்று கேளுங்கள்.

வரைபடத்தின் ஒரு நகல், தேதியிட்டு, தோட்டத்தின் பொறுப்பாளரிடம் போகட்டும். சாய்ந்த கற்களின் எண்களை அதில் சிவப்பில் குறித்துக் கொடுங்கள். அடுத்த மழையில் விழுந்தால் எந்தக் குழிக்கு எந்தக் கல் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.